வீட்டுப் பட்டறையில் பெயின்ட் பூத்: காற்றுக்கு வழி அமைத்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் 1960களில் எழுந்த வீடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, சரிவில் படிப்படியாக நிற்பவை. எங்கள் வீட்டின் பக்கவாட்டில் கார் நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட அறை, 5.5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உடையது, பல ஆண்டுகளாக என் மரவேலைப் பட்டறையாக இருந்து வருகிறது. சமையலறை அலமாரிக் கதவுகளுக்கும், பூஜை அறைப் பீடங்களுக்கும், தைப்பூசம் நெருங்கும்போது உறவினர்கள் கொண்டுவந்து தரும் காவடிகளுக்கும் ஸ்பிரே கன் கொண்டு வண்ணம் அடிப்பதற்காக, அந்த அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு பூத் கட்டினேன்; முகப்பு மட்டும் திறந்திருக்க, உள்ளே அடிக்கும் பெயின்ட்டின் தூசியையும் ஆவியையும் விசிறி வெளியே இழுத்துத் தள்ளும் பெட்டி அது. இரும்பு ஆங்கிள் சட்டமும் துத்தநாகம் பூசிய தகடும் கொண்டு பெட்டி செய்வது வெல்டிங் தெரிந்த எவருக்கும் கைவரும் வேலை என்பதால் அதை விவரிக்கப் போவதில்லை. அதன் வழியாகக் காற்று எப்படி நுழைந்து எப்படி வெளியேற வேண்டும் என்பதில்தான் உழைப்பின் பெரும்பகுதி செலவானது. இந்தப் பதிவும் அதைப் பற்றியதே.

விசிறியைத் தேடிப் போகும் முன்பே, இந்தப் பூத்தில் எதை அடிக்கலாம், எதை அடிக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைக் கூறு பாலியூரிதேன் பெயின்ட்டுகளை முழுவதுமாக விலக்கிவிட்டேன். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது; ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலை வரவழைத்துவிடும். தீங்கு செய்யும் அளவில் காற்றில் இருக்கும்போதும் அதன் வாசனை மூக்குக்குத் தெரியாது என்பதால், கரி வடிகட்டி உள்ள முகமூடி தீர்ந்துபோனதை நாம் உணர வழியில்லை. வெளியிலிருந்து குழாய் வழியாகத் தூய காற்று தரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. என் பட்டறையில் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே இங்கே நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், எனாமல், தண்ணீர் கலந்த அக்ரிலிக் ஆகிய மூன்று மட்டுமே.

இவற்றிலும் லேக்கர் தின்னர் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடிய பொருள் அன்று. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக் கூடிய அளவுக்கு ஆவி விடும். டர்பனின் குளிர்கால இரவுகூட அவ்வளவு கீழே இறங்குவது அரிது. அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால் மேலே எழும்பிக் கலையாமல் தரையோடு தரையாகப் பரவி, கதவிடுக்கின் வழியாக அடுத்த அறைக்குள் போகும். எங்கள் பூஜை அறை பட்டறைக்கு அடுத்த சுவரில் இருக்கிறது. மாலையில் காமாட்சி விளக்கு எரியும். சுவருக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டார் வெள்ளி, சனிக்கிழமைகளில் பிரைய், அதாவது இறைச்சி சுடும் விருந்து, போடக் கரி மூட்டுவார்கள். இந்த இரண்டு நெருப்பையும் மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு முடிவையும் எடுத்தேன். மாநகராட்சியின் தீயணைப்புப் பிரிவிடம் திட்டத்தைக் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகே சுவரில் கை வைத்தேன். எந்த ஊரில் இருப்பவரும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காற்றின் அளவைக் கணக்கிடுவது கடினமன்று. பூத்தின் திறந்த முகப்பில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே நகர்ந்தால், ஸ்பிரே கன்னிலிருந்து தெறித்து மீளும் தூசிப்படலம் அடிப்பவரின் முகத்துக்குத் திரும்பாது. இதுவே நெடுங்காலமாகக் கையாளப்படும் அளவு. என் பூத்தின் முகப்பு 1.2 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம், அதாவது 1.08 சதுர மீட்டர். அதை 0.5-ஆல் பெருக்கினால் நொடிக்கு 0.54 கன மீட்டர், மணிக்கு 1944 கன மீட்டர். பட்டறையின் மொத்தக் கொள்ளளவே 41 கன மீட்டர்தான் என்பதால், விசிறி ஓடும்போது அறையின் காற்று முழுவதும் சுமார் 76 நொடிக்கு ஒருமுறை மாறிவிடுகிறது.

இந்த அளவு தீ ஆபத்துக்குப் போதுமா என்பதையும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் 200 மில்லி டொலுவீன் ஆவியாவதாக வைத்துக்கொண்டால் 46 லிட்டர் ஆவி கிடைக்கும். அதே பத்து நிமிடத்தில் 324 கன மீட்டர் காற்று கடந்து போவதால், சராசரிச் செறிவு பத்து லட்சத்தில் 142 பங்கு. டொலுவீன் தீப்பிடிக்கக் காற்றில் 1.2 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 12,000 பங்கு வேண்டும். குழாய்க்குள் போகும் காற்று அதில் எண்பதில் ஒரு பங்குக்கும் கீழேதான் இருக்கிறது. ஆனால் அதே 142 என்பது நாள் முழுதும் சுவாசிக்கத் தகுந்த அளவைவிடப் பல மடங்கு கூடுதல். தீப்பிடிக்காது என்பதற்காக மூச்சுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வந்து பூத்துக்குள் போவதால் நாம் சுவாசிப்பது பெரும்பாலும் தூய காற்றே என்றாலும், தின்னர் ஆவியையும் நுண்தூசியையும் பிடிக்கும், பழுப்பு, வெள்ளைப் பட்டைகள் போட்ட A2P2 வடிகட்டிகள் பொருந்திய முகமூடி இல்லாமல் நான் கன்னைக் கையில் எடுப்பதில்லை.

அளவு கிடைத்ததும் கடைக்குப் போய், மணிக்கு 2000 கன மீட்டர் என்று அட்டையில் அச்சிட்ட விசிறியை வாங்கி மாட்டுவோர் உண்டு. அந்த எண், விசிறிக்கு முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. வடிகட்டியும் குழாயும் வளைவும் சேர்ந்ததும் சாதாரண சுவர் விசிறி பாதிக் காற்றைக்கூடத் தள்ளாது. ஆகவே தடைகளை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். உள்ளே வரும் காற்றின் வடிகட்டிக்கு 15 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பெயின்ட் தூசியைப் பிடிக்கும் கண்ணாடியிழை வடிகட்டிக்குப் புதிதாக இருக்கும்போது 20. குழாயின் வாயில் 9. இரண்டு வளைவுகளுக்கு 11. நான்கு மீட்டர் நேர்க்குழாயின் உராய்வுக்கு 4. புகைபோக்கியின் உச்சியிலிருந்து காற்று வெளியே பாயும்போது இழக்கும் 18. மொத்தம் 77 பாஸ்கல். வடிகட்டியில் பெயின்ட் படியப் படிய அதன் தடை 75 பாஸ்கல் வரை ஏறட்டும் என்று இடம் கொடுத்தால் 132 ஆகிறது. எனவே 150 பாஸ்கல் எதிர்ப்பிலும் நொடிக்கு 0.54 கன மீட்டர் தள்ளும் விசிறி வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு போய், விற்பவரிடம் அந்த விசிறியின் அழுத்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். வரைபடம் இல்லாத விசிறியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

குழாயின் விட்டத்தை 355 மில்லிமீட்டராக வைத்தேன். 315 வைத்திருந்தால் காற்றின் வேகம் நொடிக்கு 5.5 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 7 மீட்டராக ஏறும். வளைவிலும் வெளியேற்றத்திலும் இழப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். நெளியும் பிளாஸ்டிக் குழாயைப் பலர் சொன்னார்கள். அதன் உள்முகடுகள் காற்றை இழுத்துப் பிடிக்கும் என்பது ஒன்று. நிலை மின்சாரம் அதில் தேங்கித் தரைக்கு இறங்க வழியில்லாமல் நிற்கும் என்பது அதைவிட முக்கியமான காரணம். ஆகவே துத்தநாகத் தகட்டில் சுருட்டிய ஸ்பைரல் டக்ட்டையே போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் செம்புக் கம்பியால் பாலம் கட்டி எர்த்தில் சேர்த்தேன். குழாய் செய்துகொடுத்த பெரியவர் டர்பனில் தகர வேலையிலேயே முடி நரைத்தவர். என் வரைபடத்தைப் பார்த்ததும், "தம்பி, குழாயை எவ்வளவுக்கு நேரா விடுறியோ, அவ்வளவுக்கு விசிறிக்கு வேலை குறையும்" என்று சொல்லி, நான் போட்டிருந்த மூன்று வளைவுகளை இரண்டாகக் குறைத்து, அந்த இரண்டையும் அகன்ற ஆரத்தில் வளைத்துத் தந்தார்.

விசிறி, பெல்ட்டில் ஓடும் மையவிலக்கு வகை. மோட்டாரும் பெல்ட்டும் காற்றுப் பாதைக்கு முழுக்க வெளியே இருக்கின்றன. தின்னர் ஆவி மோட்டாரின் சுருளைத் தொடுவதே இல்லை. குளியலறை விசிறிகளிலும் குழாய்க்குள் செருகும் மலிவு விசிறிகளிலும் மோட்டார் காற்றோட்டத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் என்பதால் அவற்றைப் பெயின்ட் வேலைக்கு நினைத்தே பார்க்கக் கூடாது. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. விசிறியின் அலுமினியச் சக்கரம் அச்சு விலகித் துருப்பிடித்த இரும்பில் உரசினால் மிகச் சூடான பொறி பறக்கும். கடற்காற்றில் உப்பு மிதக்கும் எங்கள் ஊரில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்காது. சக்கரம் எப்போதாவது உரசினால் பித்தளையிலேயே உரசட்டும் என்று, காற்று நுழையும் வாயைச் சுற்றிப் பித்தளை வளையம் ஒன்று பொருத்தச் செய்தேன்.

இனி, காற்று உள்ளே வரும் வழி. இதற்குத்தான் மற்ற எதைவிடவும் கூடுதல் கவனம் தர வேண்டும் என்று நான் கருதுகிறேன். வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு கன மீட்டர் உள்ளே வந்தாக வேண்டும். நாம் வழி விடாவிட்டால் கதவிடுக்கு, கூரை இடுக்கு, சாக்கடைக் குழாய் என்று கிடைத்த ஓட்டைகளின் வழியாக அது தூசியோடு வரும். வருகிற தூசி நேரே ஈரப் பெயின்ட்டின் மேல் போய் உட்காரும். தெருப்பக்கம் இருந்த, மேலே தூக்கும் கதவை எடுத்துவிட்டு இரட்டைக் கதவு போட்டு, ஒவ்வொரு கதவிலும் 600க்கு 600 மில்லிமீட்டர் அளவில் பருந்தூசியைப் பிடிக்கும் G4 வகை வடிகட்டி ஒன்றைப் பொருத்தினேன். இரண்டும் சேர்ந்து 0.72 சதுர மீட்டர். காற்று அவற்றைக் கடக்கும் வேகம் நொடிக்கு 0.75 மீட்டர். அறையின் ஒரு முனையில் நுழைந்து, நேராக நடந்து, மறுமுனையில் இருக்கும் பூத்துக்குள் போகும்படி காற்றுக்கு ஒரே பாதை அமைந்தது.

இதன் பயனைச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு வடிகட்டிகளையும் பலகையால் மூடிவிட்டு விசிறியை ஓட விட்டபோது முகப்பில் வேகம் 0.3 மீட்டருக்கு இறங்கியது. வீட்டுக்குள் போகும் கதவின் கைப்பிடியைச் சுமார் ஐந்து கிலோ பலத்தோடு இழுக்க வேண்டியிருந்தது. அறைக்குள் அழுத்தம் 60 பாஸ்கல் குறைந்ததன் விளைவு அது. பலகையை எடுத்த மறுகணம் அதே கதவு ஒரு விரலுக்குத் திறந்தது. பூஜை அறையின் காற்று பட்டறைக்குள் லேசாக இழுபடுவது நல்லதே; விளக்கின் பக்கம் ஆவி போகாது. ஆனால் அந்த இழுப்பு அளவோடு இருக்க வேண்டும்.

பூத்தின் உட்புறத்தில், வடிகட்டிக்குப் பின்னால் 300 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெற்றறை ஒன்று விட்டேன். அது இல்லாவிட்டால் குழாயின் வாய்க்கு நேரே இருக்கும் பகுதி மட்டும் காற்றை இழுத்து, மூலைகள் அசையாமல் நிற்கும். இதைக் கண்ணால் காண ஊதுபத்தியைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. தின்னர் டின் ஒன்றுகூட அறையில் இல்லாத நாளில், பூத்தும் காய்ந்து சுத்தமாக இருந்தபோது, இரண்டு பத்திகளைக் கொளுத்தி முகப்பின் ஓரங்களில் மெல்ல நகர்த்தினேன். நடுவில் புகை கோடு கிழித்தது போல நேராக உள்ளே போயிற்று. இடதுபுற மேல் மூலையில் மட்டும் சுருண்டு, தயங்கி, சற்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகே உள்ளே போனது. வெற்றறைக்குள் குழாய் வாய்க்கு எதிரே ஒரு தகட்டைக் குறுக்கே தொங்கவிட்டு, ஓரங்களில் மட்டும் இடைவெளி விட்டதும் அந்தச் சுழல் அடங்கியது. காற்றின் வேகத்தை அளக்கும் சிறு காற்றாடிக் கருவியை இரவல் வாங்கி, முகப்பை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து அளந்தபோது மிகக் குறைந்தது 0.44, மிக அதிகம் 0.58, சராசரி 0.51 என்று கிடைத்தது. கட்டங்களுக்கிடையே இதைவிடப் பெரிய வேறுபாடு இருந்தால் தகட்டை இன்னும் நகர்த்தியிருப்பேன்.

வடிகட்டி அடைபடுவதைக் காட்ட நான் வைத்திருக்கும் கருவி வீட்டிலேயே செய்தது. சிறு கண்ணாடிப் புட்டி ஒன்றில் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீர். அதன் அடியிலிருந்து ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாய், பத்துக்கு ஒன்று என்ற சரிவில் பலகையின் மேல் ஏறுகிறது. குழாயின் மேல்முனை பூத்தின் வெற்றறையோடு சேர்கிறது. புட்டியின் வாய் அறைக்குத் திறந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் உயரம் 9.8 பாஸ்கல் அழுத்தத்துக்குச் சமம். சரிவு அதைப் பத்து மடங்காக நீட்டுவதால், குழாயில் ஆரஞ்சுக் கோடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ ஒரு பாஸ்கல். புதிய வடிகட்டிக்கு அது 22இல் நின்றது. 75இல் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். அங்கே எட்டும் முன் வடிகட்டி மாறிவிடும். புதிய வடிகட்டி போட்டும் கோடு 15க்குக் கீழே கிடந்தால், வடிகட்டி சட்டத்தில் சரியாக உட்காராமல் ஓரத்தில் காற்று கள்ள வழி போகிறது என்று அர்த்தம். சட்டத்தின் ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டிய பிறகு அந்தக் கசிவு எனக்கு நேரவில்லை.

வெளியேற்றும் குழாயைக் கூரை வழியாக ஏற்றுவதே குறுக்கு வழி. ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றின் கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் ஓடு. 2008இல் தென்னாப்பிரிக்கா கல்நாரைத் தடை செய்துவிட்டது என்றாலும் ஏற்கெனவே மேலே இருப்பவை அப்படியே இருக்கின்றன. அவற்றில் துளையிட்டால் நார்த்தூசி பறக்கும். அதில் கை வைக்க விரும்பாததால், பின்பக்கச் செங்கல் சுவரைக் குடைந்து வெளியே வந்து, சுவரோரமாக நிமிர்த்திக் கூரையின் முகட்டுக்கு மேலே ஒரு மீட்டருக்குக் கூடுதலாக உயர்த்தினேன். டர்பனில் காற்று பெரும்பாலும் கடற்கரையை ஒட்டி வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். குழாயின் வாயைப் பக்கவாட்டில் விட்டிருந்தால் பாதி நாள் எதிர்க்காற்று விசிறியை அமுக்கும், மீதி நாள் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் தின்னர் வாடை வீசும். உச்சியில் கூம்புத் தொப்பி போடவில்லை. அது மழையைத் தடுத்தாலும் மேலே பாய வேண்டிய காற்றைக் கீழே திருப்பிவிடும். அதற்குப் பதில், சற்றே பெரிய விட்டமுள்ள 1.4 மீட்டர் நீளக் குழாயை உச்சியில் இடைவெளி விட்டுச் செருகினேன். சாய்ந்து விழும் மழை அதன் உட்சுவரில் பட்டு, இடைவெளி வழியாக வெளியே வழிந்துவிடுகிறது. காற்று தடையின்றி மேலே போகிறது. விசிறி உறையின் அடியில் வடிதுளை ஒன்றும் உண்டு.

மின் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, இணக்கச் சான்றிதழும் வாங்கிக்கொண்டேன். விளக்குகள் பூத்துக்கு வெளியே, அடைத்த கண்ணாடிக்கு அப்பால் இருந்து ஒளி தருகின்றன. சுவிட்ச், பிளக் எதுவும் உள்ளே இல்லை. இந்த நாட்டில் மின்வெட்டு எப்போது வரும் என்று எண்ணித்தான் எதையும் அமைக்க வேண்டியிருந்தது. கன்னுக்குக் காற்று தரும் குழாயில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சாலினாய்டு வால்வு வைத்து, விசிறி உண்மையாகவே காற்றை இழுக்கிறது என்று அழுத்த சுவிட்ச் ஒன்று உறுதி செய்தால்தான் அந்த வால்வு திறக்கும்படி செய்திருக்கிறோம். பெல்ட் அறுந்து மோட்டார் மட்டும் ஓடினாலும் கன் நின்றுவிடும். மின்சாரம் போனால் மோட்டாருக்கு இணைப்புத் தரும் காந்த சுவிட்சான கான்டாக்டர் விழுந்துவிடும். திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை நான் அழுத்தாமல் எதுவும் தானாக ஓடாது. மின்சாரம் நின்றதும் செய்ய வேண்டியது எளிது: பெயின்ட் கோப்பையை மூடிவிட்டு, தெருப்பக்க இரட்டைக் கதவை அகலத் திறந்துவிட்டு, வெளியே போய்விட வேண்டும். வழக்கமான நாட்களிலும் அடித்து முடித்த பின் கால் மணி நேரம் விசிறி ஓடும், ஏனென்றால் ஈரமாக நிற்கும் பலகையும் ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

காற்றோட்டம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் வெளிக்காற்றின் ஈரத்தை அது அப்படியே உள்ளே கொண்டுவரும். 76 நொடிக்கு ஒருமுறை மாறும் காற்றை எந்த ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் உலர்த்தாது. பிப்ரவரியில் 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு நான்கு டிகிரி குளிர்ந்தாலே அதில் நீர் படிந்து, லேக்கர் பால் பூத்தது போல வெளுத்துவிடும். ஜூன், ஜூலையில் 20 டிகிரியும் 55 சதவீதமும் இருக்கும் பிற்பகலில் பனிநிலை 11 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒன்பது டிகிரி இடைவெளி தாராளமானது. ஆகவே லேக்கர் வேலைகளைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கிவிட்டு, தைப்பூசக் காவடிகளுக்கு எனாமலும் அக்ரிலிக்கும் மட்டுமே அடிக்கிறேன். அவசரம் என்று யார் வந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கழற்றிய வடிகட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் தூசி படிந்த வடிகட்டியும், எண்ணெய் சேர்ந்த எனாமல் படிந்த வடிகட்டியும் மூலையில் குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியவை. இரண்டும் ஒரே வடிகட்டியில் கலந்தால் ஆபத்து இன்னும் கூடும். எனவே லேக்கருக்கு ஒரு வடிகட்டி, எனாமலுக்கு வேறு வடிகட்டி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது பூத்தின் தகடுகளையும் பித்தளைக் கரண்டியால் சுரண்டித் துடைக்கிறேன். கழற்றியவை அதே நாளில் மூடியுள்ள இரும்பு டிரம்மில் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். டிரம் வீட்டுச் சுவரிலிருந்து விலகி, வெயில் படாத இடத்தில் நிற்கிறது. அபாயக் கழிவு எடுத்துச் செல்பவர்கள் வரும் வரை அதில் தண்ணீர் மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.